ஆள் இருந்தால் போதும்

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் ஒரு பல்கலைக்கழகத்துக்கு டார்லீன் வொசிகா பதினோரு வருடமாகப் போய்வருகிறாள். பட்டம் எதுவும் வாங்கவில்லை. பத்தாவதோடு பள்ளியை விட்டவள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, விளையாட்டு வீரர்கள் வகுப்புக்கு வந்தார்களா என்று பட்டியலில் குறிப்பது அவள் வேலை. ஒருவன் மூன்று முறை வராவிட்டால் அடுத்த போட்டியில் இறங்க முடியாது. வந்தவன் பாடம் கேட்டானா, குறட்டை விட்டானா என்று பட்டியல் விசாரிப்பதில்லை.

மல்யுத்த வீரன் டிரென்ட் ஹாகென் நிலவியல் வகுப்பில் தவறாமல் தூங்குவான். விடியற்காலைப் பயிற்சி, எடை குறைக்கப் பட்டினி. தலை எப்படி நிற்கும்? டார்லீன் டிக் போடுவாள். பாறை வகைகள் அவளுக்குத்தான் மனப்பாடம்.

காய்ச்சலில் அவன் ஏற்கெனவே இரண்டு வகுப்பைத் தவறவிட்டிருந்தான். வியாழக்கிழமை மூன்றாவது முறையாக அவனைக் காணோம். வகுப்பு முடிந்ததும் எதிர் அறையிலிருந்து ஓடி வந்தான்.

"மிஸ் டார்லீன், இங்கதான் இருந்தேன். நாளைக்கு இதே பாடத்துல பரீட்சை, படிச்சிட்டிருந்தேன்."

"கிளாஸுக்கு வந்திருக்கலாம்ல?"

"வந்தா தூங்கிடுவேனே!"

டார்லீன் பேனா மூடியைத் திறந்தாள்.

"சனிக்கிழமை என் ஆட்டத்தப் பாக்க எங்கப்பா நானூறு மைல் வண்டி ஓட்டிட்டு வர்றாரு. ஒரு டிக்தானே?"

போன வருடம் வராதவனுக்கு இப்படி ஒரு டிக் போட்ட இன்னொருத்திக்கு வேலை போயிற்று. டார்லீன் 'வரவில்லை' என்று குறித்தாள்.

சாயங்காலமே பயிற்சியாளர் மல்வேனி போனில் கத்தினார். "ஒழுங்கா வந்து தூங்கிட்டிருந்த பையன்! எவன் அவனப் படிக்கச் சொன்னது?"

"பரீட்சைல தோத்தாலும் ஆட முடியாதே, கோச்."

"அந்தத் தலைவலி அடுத்த டெர்முக்கு. சனிக்கிழமை இந்த வாரமே வருதும்மா!"

சனிக்கிழமை டிரென்டுக்குப் பதிலாக இறங்கியவனை எதிராளி நாற்பது வினாடியில் மல்லாத்திவிட்டான். டிரென்ட் டை கட்டிக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். டார்லீன் அவர்களுக்குப் பின்வரிசையில் இருந்தாள்.

"மார்க் எவ்வளவு?" என்றார் அப்பா.

"எண்பத்தொண்ணு. நேத்தே திருத்திக் குடுத்துட்டாங்க."

"நானூறு மைல் வந்தது இதப் பாக்கத்தானா? சரி, காட்டு."

கூட்டம் கூச்சல் போட, அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு பரீட்சைத் தாளைப் புரட்டினார். டார்லீனும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவன் தவறவிட்ட கேள்விகள் எல்லாம் வியாழக்கிழமை நடத்திய பாடத்திலிருந்து வந்தவை.

சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் ஆட்டத்தைப் பார்த்தாள்.