செம்புக் கம்பி

எங்கள் ஆய்வகத்தில் மண்ணை மின்பொறியில் எரித்து, அந்த ஒளியைக் கோடுகளாகப் பிரிப்போம். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கென்று கோடுகள் உண்டு. அவற்றைப் பார்த்தால் மண்ணில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து வேர்க்கடலைக் கொல்லைகளில் வெயிலில் அலைந்து மண் எடுத்து வந்தவள் நான். எரித்துக் கணினியில் ஏற்றியதும் நான்தான். என் சீனியர் அதைத் தன் பெயரில் மாணவர் ஆய்வு விருதுக்கு அனுப்பிவிட்டார்.

ஆய்வு நெறியாளரிடம் போய் அழுதேன்.

"அவன் நல்லா பேசுவாம்மா. காலேஜுக்குத்தானே பேரு? நீ விட்டுக்குடு," என்றார்.

சீனியர் அனுப்பியிருந்த சுருக்கத்தை வாங்கிப் படித்தேன். கடலைக் கொல்லை மண்ணில் செம்பு அதிகம் என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. என் அழுகை நின்றுவிட்டது. வழக்கமாகக் கார்பன் கம்பியில் வைத்துத்தான் எரிப்போம். ஒருநாள் அது தீர்ந்துபோக, கருவி ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகச் செம்புக் கம்பியில் எரித்திருந்தேன். அவர் எடுத்துப் போனது அன்றைய பதிவைத்தான். செம்பு, கம்பியிலிருந்து வந்தது.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். சொல்லவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த டீயைக்கூட சிரித்தபடி குடித்தேன்.

விருது நாளில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். அழகாகத்தான் பேசினார். கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்தேன்.

"அண்ணா, எந்தக் கம்பி வச்சு எடுத்தீங்க?"

"கார்பன்தாம்மா. எப்பவும் அதான?"

"அன்னிக்கு கார்பன் கம்பியே இல்லீங்களே. செம்புக் கம்பி வச்சு நான்தான் எடுத்தேன். நீங்க லேபுக்கே வரல."

நடுவர்களில் ஒரு பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். "அதான் செம்பு இவ்ளோ பளிச்சுனு இருக்குதா? ஏன் தம்பி, நீங்க எடுக்கலையா?"

சீனியர் நெறியாளரைப் பார்த்தார். நெறியாளர் தன் செருப்பைப் பார்த்தார்.

அந்தப் பிரிவில் அவ்வருடம் விருது யாருக்கும் இல்லை. எனக்கும்தான். நெறியாளர் என்னைக் கைகழுவினார். வேறொருவரைத் தேடிப் பிடித்து, மறுபடி கொல்லைகளில் நடந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து எரித்தேன். பட்டம் தாமதமாகத்தான் வந்தது.

"முன்னாடியே சொல்லியிருந்தா உனக்கும் இவ்ளோ கஷ்டமில்லையே," என்றாள் அம்மா.

"அவரு மேடையிலதான் விழணும்னு இருந்தேம்மா."

போன மாதம் பேருந்து நிலையத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிர் சீட்டில் அந்தச் சீனியர். என்னைக் கண்டதும் தலையை வெளியே திருப்பிக்கொண்டார். என் நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை. வேங்கிக்காலில் அவர் இறங்கும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.