புளியங்கொட்டைக் குவியல்கள்

அந்தப் பெட்டி கறுப்பாக, தகர டிரங்குப் பெட்டி அளவுக்கு இருந்தது. முன்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு ஓட்டைகள். ஏதோ ஒன்றில் வெளிச்சம் வந்து போகும். கண்ணுக்குத் தட்டுப்படாத வேகம். கண் காணாததை மனசு காண்கிறதா என்று சோதிக்க, எழுபதுகளின் கடைசியில் எங்கள் மலைக்கு ஒரு அம்மா அதைக் கொண்டுவந்தார். விளக்குப் பெட்டியம்மா என்போம்.

நான் போய் உட்கார்ந்ததும் என் பெண்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொண்டார்கள். பெரியவள் என் அக்கா பெற்றவள். அக்கா செத்த பிறகு அந்த வீட்டுக்கே நான் வாழ்க்கைப்பட்டேன். சின்னவள் என் வயிற்றுப் பிள்ளை. நான் வித்தியாசம் பார்த்ததில்லை என்று ஊரே சொல்லும். அதில் எனக்குத் தலை நிமிர்ந்தே இருக்கும்.

“ஒண்ணுந் தெரியலீங்களே. தெரியாதத எப்டி சொல்றது?” என்றேன்.

“பரவாயில்ல, கை போற பக்கம் காட்டுங்க.”

நான் காட்டக் காட்ட, இடதுக்கு ஒரு பக்கம், வலதுக்கு ஒரு பக்கம் என்று புளியங்கொட்டை போட்டுக்கொண்டே வந்தார். முடிந்ததும் நெற்றியைச் சுருக்கினார். “வெளிச்சம் உங்களுக்குத் தெரியலதான். அப்படின்னா காசு சுண்டுன மாதிரி ரெண்டும் ஏறக்குறைய சமமா வரணும். கொஞ்சம் முன்னபின்ன இருந்தா தற்செயல்னு விடலாம். இவ்வளவு வராது.”

வலது குவியல் மேடாயிருந்தது. வலப்பக்கம் சின்னவள். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தார், மாறவில்லை. பிறகு பெண்களை இடம் மாற்றி உட்காரவைத்தார். இடது குவியல் ஏறியது.

அவர் கொட்டைகளை மறுபடி எண்ணினார். வேடிக்கை பார்த்த என் நாத்தனார்தான் வாயைத் திறந்தாள். “இன்னா அண்ணி, கை பெத்த புள்ள பக்கமே போவுது?”

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். “களி போடறப்பவும் அப்டித்தான் அத்த. எனக்கு சின்ன உருண்டதான் வரும். சின்னம்மாவுக்கே அது தெரியாது” என்றாள், எனக்குப் பரிந்து பேசுவதுபோல.

நான் மறைத்ததை அந்த அம்மா கண்டுபிடித்திருந்தால் கோபமாவது வந்திருக்கும். எனக்கே தெரியாததை அல்லவா எண்ணிக் காட்டிவிட்டார். இத்தனை வயதுக்கப்புறமும் யாராவது என்னை நியாயஸ்தி என்றால் முகத்தை நிமிர்த்த முடிவதில்லை, கையைத்தான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் களியைச் சமமாக உருட்டத்தான் பார்த்தேன். அப்படியும் ஒன்று பெரிதாக வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, நீங்களே எடுத்துக்கங்க என்று நகர்ந்துகொண்டேன். பெரியவள் தங்கையிடம் ஏதோ பேசிக்கொண்டே, தட்டைப் பார்க்காமலே, சின்னதை எடுத்தாள்.