அண்ணாச்சி படித்துச் சொன்ன தாள்

அந்தத் தாளில் என்னால் படிக்க முடிந்தது, தமிழில் நான் போட்ட கையெழுத்து மட்டும்தான். மற்றதெல்லாம் மராத்தி. மராத்தி பேசும் ஊரில், கராடி ஐ.டி. பார்க்கில் நாலு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு மராத்தி எதற்கு? வாடகை ஒப்பந்தமோ, சிலிண்டரோ, எல்லாவற்றுக்கும் அண்ணாச்சி இருந்தார்.

அவரும் நானும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர். கசார்வாடியில் இருபது வருஷமாக லேத் பட்டறை வைத்திருக்கும் நரைத்த மீசைக்காரர். நான் வாயைத் திறந்தாலே, "நீ சும்மா இருல, நான் பேசிக்கிடுதேன்" என்பார். நானும் சும்மா இருந்தேன். என்னைப் போல ஒரு மடையன் கிடையாது.

ஒரு ஞாயிறு மதியம் என் புதுக் காரை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழைய மும்பை ரோட்டில் திரும்பும்போது ஒரு ஸ்கூட்டரை இடித்தார். அதில் வந்தவருக்குக் கால் முறிந்துவிட்டது. நான் ஓடிப்போய் அவரைத் தூக்கினேன். அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

காவல் நிலையத்தில் வழக்கம்போல அவர்தான் பேசினார். போலீஸார் மராத்தியில் எழுதி முடித்த என் வாக்குமூலத்தை வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "வண்டி உன்னுது, நீ பக்கத்து சீட்டுல இருந்தன்னு எழுதிருக்காவ. போடுல கையெழுத்த."

போட்டேன்.

சம்மன் என் பெயருக்கு வந்தது. "வண்டி ஒம் பேர்லல்லா இருக்கு, அதான்" என்று சமாதானம் சொல்லி, தனக்குத் தெரிந்த ஒரு தமிழ் வக்கீலிடம் கூட்டிப்போனார். தமிழ் பேசும் வக்கீல் என்றதுமே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. "தப்பை ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிடுங்க சார், ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்றார். வண்டியை ஓட்டியது யார் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

வாய்தா அன்று கோர்ட்டுக்கு வக்கீல் வரத் தாமதமானது. அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்தார். கம்பெனி என்னை வெளிநாடு அனுப்புவதாக இருந்தது. ஒப்புக்கொண்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா என்று கேட்க, கீழே இலவச சட்ட உதவி அறைக்குப் போனேன். அங்கே ஒரு மராத்தி அம்மாள் வக்கீலாக இருந்தார். என் கையிலிருந்த வழக்குக் கட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஹிந்தியில் கேட்டார்: "ஏன் அவ்வளவு வேகமாக ஓட்டினீர்கள்?"

நானா?

வாக்குமூலத்தை வரிவரியாகச் சொன்னார். வண்டியை ஓட்டியது நான்தானாம். கீழே என் கையெழுத்து. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்திருக்கிறேன்! அண்ணாச்சியின் லைசென்ஸ் காலாவதியானது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "புதுப்பிக்க எங்கல நேரம்?" என்று அவரே என்னிடம் சிரித்திருக்கிறார்.

"போலீஸிடம் சொன்னது இங்கே உங்களைக் கட்டுப்படுத்தாது. நீதிபதி முன்னால் ஒப்புக்கொண்டால் கட்டுப்படுத்தும்" என்றார் அந்த அம்மாள். அடுத்த பக்கத்தில் அடிபட்டவரின் வாக்குமூலம் இருந்தது. அதையும் படித்துச் சொன்னார். ஓட்டியவர் நரைத்த மீசைக்காரர், பக்கத்தில் இருந்த இளைஞன்தான் ஓடிவந்து தூக்கினான் என்று அதில் இருந்தது. என் பெயர்கூடத் தெரியாத மனிதர். அவருக்கு இருந்த நேர்மை என் ஊர்க்காரருக்கு இல்லை.

மேலே என்னைக் கூப்பிட்டார்கள். தமிழ் வக்கீல் வந்து சேர்ந்திருந்தார். "ஒத்துக்கறேன்னு சொல்லிடுங்க" என்று காதோரம் முணுமுணுத்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். பின்வரிசையில் நின்ற அண்ணாச்சி, சொல்லு என்பதுபோலத் தலையாட்டினார்.

"இல்லை. நான் ஓட்டவில்லை. எனக்கு வேறு வக்கீல் வேண்டும்." தப்பும் தவறுமான ஹிந்தியில் நானே சொன்னேன். இன்னொரு வாய்தா கொடுத்தார்கள்.

வராந்தாவில் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எல, எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைய இருக்குல்லா. நீ தனிக்கட்டை, உனக்கென்ன? ஊர்க்காரன்னு நம்புனேன். இப்படிக் கழுத்தறுத்துட்டியல!"

நான் கையை உருவிக்கொண்டேன். நாலு வருஷமாக எனக்குப் பதிலாக எல்லா இடத்திலும் பேசியவர் அவர். நான் அவரிடம் சொல்ல வேண்டியதையும் அன்று அவரே சொல்லிவிட்டார்.