ஈர நெல்லுக்குள் ஒரு போன்

சந்தைக்கு ஒரு புதுப் போன் வருவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே அது எங்கள் வீட்டுக்கு வந்துவிடும், பேச்சாக. காலையில் தோசை ஊற்றிக்கொண்டே என் மனைவி அமலி அதன் பிராசசரைப் பற்றி ஆரம்பிப்பாள். நான் பெரியநாயகசாமி. ஒரத்தநாட்டுப் பக்கம் ஆறு ஏக்கர் நெல் விவசாயம். பிராசசருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் கேட்டுக் கேட்டு எனக்கே அரைகுறையாகத் தெரிந்துபோய்விட்டது. எல்லாம் தலையெழுத்து.

அமலி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மற்ற டீச்சர்கள் பட்டுப்புடவை பார்க்கக் கும்பகோணம் போனால் இவள் கிராஃபிக்ஸ் கார்டு பார்க்கத் திருச்சிக்குப் போவாள். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வரவழைத்து அவளே பூட்டினாள். பிராசசர் தலையில் ஓர் உளுந்தளவு பசை வைக்க வேண்டுமாம், கூடினாலும் தப்பாம், குறைந்தாலும் தப்பாம். அதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றதைப் பார்த்து, மதர்போர்டுக்கு ஞானஸ்நானம் ஆயிற்றா என்று கேட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குக் குழம்பில் உப்பு இல்லை.

அவளுக்கு எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம் உண்டு. நூறு மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் போடுகிறவன் சென்சார் எவ்வளவு பெரிது என்று ஏன் சொல்லவில்லை என்பாள். மடிக்கிற போனைப் பார்த்தால், நம்ம ஊர் அறுவடைத் தூசிக்கு அந்தக் கீல் ஒரு போகம் தாங்காது என்பாள். லேப்டாப்பில் ரேமைக் கழற்ற முடியாதபடி போர்டோடு ஒட்டி விற்கிறார்களே, அதைப் பற்றி மட்டும் பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்தால் அன்றைக்கு நமக்குச் சாப்பாடு தள்ளிப்போகும்.

ஆனால் ஒன்று. சோதித்துப் பார்க்காமல் யாருக்கும் எதையும் வாங்கச் சொல்ல மாட்டாள். வீடியோ போட்டுப் பேசுகிறவர்கள் எல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், இங்கே நடவு வயலில் யார் பார்ப்பது என்பது அவள் கேள்வி. அதனால் உச்சி வெயிலில் வரப்பில் நின்று திரை தெரிகிறதா என்று பார்ப்பாள். சேற்றுக் கையால் தொட்டுப் பார்ப்பாள். சித்திரை மாதத்தில் தகரக் கொட்டகைக்குள் சார்ஜ் போட்டு எவ்வளவு சுடுகிறது என்று எழுதி வைப்பாள். அப்புறம்தான் வாயைத் திறப்பாள். அவள் ஒன்றைச் சொன்னால் ஊரில் பாதிப்பேர் அதைத்தான் வாங்குவார்கள். இந்தப் பைத்தியத்துக்கு ஊரே மரியாதை கொடுக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு, பெருமையும் உண்டு.

அப்படி அவள் பேச்சைக் கேட்டுப் போன் வாங்கியவர்களில் ஒருத்தி வித்யாலக்ஷ்மி. தஞ்சாவூர்ப் பெண். விவசாயப் படிப்பில் மேல்படிப்பு. நெற்பயிரில் வரும் குலைநோயைப் பற்றி ஆராய்ச்சி. எங்கள் வயலையும் பக்கத்து வயல்களையும் வாரம் தவறாமல் படம் எடுக்க வருவாள். தண்ணீருக்கும் பயமில்லாத போனாக வேண்டும் என்று அவள் கேட்டபோது, தான் வைத்திருக்கும் மாடலையே அமலி காட்டினாள். வாய்க்காலில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று வாக்கும் கொடுத்தாள். தண்ணீரில் போட்டு மட்டும் அவள் பார்த்ததில்லை, அதில் கம்பெனிக்காரன் சொன்னதை நம்பிவிட்டாள்.

குறுவை அறுவடை நடந்த வாரத்தில், வியாழக்கிழமை அது வாய்க்காலில் விழுந்தது. போன் மட்டுமில்லை, வித்யாவும் சேர்ந்துதான். வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்த பலகையைத் தாண்டும்போது கால் வழுக்கிவிட்டது. முழங்கால் சிராய்ந்துபோனது. போனை நான் எடுத்தேன். திரை நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. சாயங்காலம் வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் கால் கழுவ எங்கள் வீட்டுக்குப் போனாள், போன் என் கையில் இருந்தது.

நான் வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நனைந்த போனை அரிசிக்குள் போட வேண்டும், சிம் தட்டைத் திறந்து போட வேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு படி அரிசி எதற்கு, களத்தில் நாற்பது மூட்டை நெல் குவிந்து கிடக்கிறதே என்று தோன்றியது. சிம் தட்டை ஊக்கால் குத்தித் திறந்தேன். நெல் குவியலில் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தேன்.

அன்று காலையில்தான் கொள்முதல் நிலையத்தில் அந்த நெல்லில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஈரம் பார்க்கும் கருவி இருபத்தொரு சதவீதம் காட்டியது, பதினேழுக்கு மேல் போனால் வாங்க மாட்டார்கள். கருவிதான் கோளாறு, என் நெல் சருகாகக் காய்ந்த நெல் என்று அங்கே ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். கத்திக் கத்தி நானே அதை நம்பிவிட்டேன் போலிருக்கிறது.

சாயங்காலம் தோண்டி எடுத்தால் போன் சுட்டது. அணைந்து அணைந்து எரிந்தது. அப்புறம் எரியவே இல்லை. சிம் தட்டைத் துண்டால் துடைத்து, சத்தமில்லாமல் மூடி, நிழலில் உலர வைத்திருந்தேன் என்று சொல்லி வித்யாவிடம் கொடுத்தேன்.

வித்யா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் போகத்துப் படங்கள் அறுநூற்றுச் சொச்சம் அதற்குள்தான் இருக்கின்றன என்றாள். இங்கே சிக்னல் சரியில்லாததால் வேறெங்கும் ஏற்றவில்லை. மறுபடி எடுக்கலாம் என்றால் பயிர் ஏது, அறுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை பேராசிரியரிடம் கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

அமலி போனை வாங்கி மேஜையில் வைத்தாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னாள். முடி உலர்த்தும் கருவியால் பின்பக்கக் கண்ணாடியைச் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை விட்டுப் பிரித்தாள். சார்ஜ் போடும் இடத்தைச் சுத்தம் செய்தாள். தன்னிடமிருந்த வேறு பேட்டரியைக் கொடுத்துப் பார்த்தாள். மெமரி சிப்பை மட்டும் கழற்றிப் படத்தை எடுக்க முடியாதா என்று கேட்டேன். இப்போது வரும் போனில் அது பூட்டிய பெட்டி, சாவி பிராசசருக்குள் இருக்கிறது, போன் உயிரோடு எழுந்தால்தான் திறக்கும் என்றாள். சனிக்கிழமையும் அதே மேஜை, அதே முதுகு. காபி டம்ளரை வைத்தால் ஆறிப்போன பிறகு குடித்தாள். விட்டுவிடேன் என்று ஒருதரம் சொன்னேன். அவள் பேட்டரியை மறுபடி மாட்டிப் பார்த்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எனக்கு வராது. ஆனால் சொன்னால் இரண்டையும் சொல்ல வேண்டும். போனைக் கெடுத்ததையும் சொல்ல வேண்டும், என் நெல் ஈர நெல் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிரிக்காதீர்கள், இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அமலி வித்யாவின் வீட்டுக்குப் போன் செய்தாள். நான் கூடத்தில் இருந்தேன். தப்பு என்மேல்தான் என்றாள். நான் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள். உன் பேராசிரியரிடம் நானே வந்து சொல்கிறேன், என் பேச்சைக் கேட்டு இதே போனை வாங்கிய மற்ற வீடுகளுக்கும் இன்றைக்கே போய்ச் சொல்லப் போகிறேன் என்றாள். குரல் உடையவில்லை. பாடம் நடத்துவதுபோலச் சொன்னாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனாள். அப்போதுதான் எழுந்தேன்.

"அமலி, போகாத. தண்ணியில ஒண்ணும் ஆகல. நாந்தான் சிம் தட்டத் தொறந்து நெல்லுக்குள்ள பொதச்சேன்."

"எந்த நெல்லு?"

"களத்துல கெடந்த நெல்லு."

"அதுல ஈரமே இல்லன்னு சொன்னீங்களே."

"ஈரந்தான்."

அவள் என்னைத் திட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மேஜைக்குப் போனாள். இரண்டு நாளாக அவள் தண்ணீர் வழக்கமாக நுழையும் கீழ்ப்பக்கத்தையே குடைந்துகொண்டிருந்தாள். மூடிய சிம் தட்டு துடைத்தமாதிரி இருந்ததால் அந்தப் பக்கம் சந்தேகப்படவில்லை. இப்போது போர்டையே வெளியே எடுத்தாள். சிம் நுழையும் இடத்தின் தகட்டைத் தூக்கி, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு என்னிடமும் லென்ஸைக் கொடுத்தாள். நெல் சுணை, உமிமேல் இருக்கும் அரிக்கிற பூமுடி. தூசியும் ஈரமும் சேர்ந்து பசையாகி, ஊசி ஊசியான கால்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருந்தது. ஓரத்தில் பச்சை பூத்திருந்தது.

ஸ்பிரிட்டை விட்டுப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் தேய்த்தாள். உலர வைத்தாள். பேட்டரியை மாட்டி பட்டனை அழுத்தினாள். ஒன்றுமில்லை. மறுபடி கழற்றினாள், மறுபடி தேய்த்தாள். மூன்றாம் தடவை திரை எரிந்தது. வித்யாவிடம் கேட்டுப் பூட்டைத் திறந்து, ஒரு படம் விடாமல் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, எண்ணியும் பார்த்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு.

வித்யா மூன்று மணி பஸ்ஸில் வந்தாள். நீங்களே சொல்லுங்க என்று அமலி என்னைப் பார்த்தாள். சொன்னேன். அந்தப் பெண் தன் போனை வாங்கிப் படங்களைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு, சார், அந்த நெல்லை முதலில் காயப் போடுங்கள் என்றாள். அவள் வயசுக்கு அவ்வளவு பெரிய மனசு.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினால், கொல்லையில் ஒரு வாளி நிறைய வாய்க்கால் தண்ணீர். பக்கத்தில் அமலி. கையில் அவளுடைய சொந்தப் போன். அதே மாடல். நான் ஓடுவதற்குள் அதைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டாள்.

"இப்ப எதுக்கு இது? அதான் உண்மையச் சொல்லிட்டேனே."

"சொன்னீங்க. மூணு நாள் கழிச்சுச் சொன்னீங்க. நீங்க சொன்னத நம்பி நான் ஊருக்கு வாக்குக் குடுக்க முடியுமா? அரை மணி நேரம் ஆகட்டும்."

மணியைப் பார்த்து வைத்துக்கொண்டு வாளிக்கு எதிரே உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். பத்தொன்பது வருஷத்தில் அவள் என் சொல்லைச் சோதித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் போன் அணைந்துவிடக் கூடாதே என்று அவளைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.