பிலிப்பின் 'பொறு'

மரியகொரட்டிக்குப் புருசன் மேல் ஒரே ஒரு முறைப்பாடுதான். வீட்டு பல்பை மாற்ற பிலிப்பு மூன்று மாதம் எடுப்பார். பெக்டரி கம்பியூட்டருக்கு முன்னால் மட்டும் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருப்பார்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் அவர் கரண்ட் வேலைக்காரர். முப்பது வருடத்துக்கு முன் மாற்றலாகிப் போன தோட்டத் துரை ஒருவர், பழைய கம்பியூட்டரையும் பேசிக் என்ற கம்பியூட்டர் மொழியைச் சொல்லித்தரும் புத்தகத்தையும் அவரிடம் விட்டுப்போனார். பிலிப்பு படித்தது எட்டாம் வகுப்பு. புத்தகத்துச் சொற்கள் மண்டையில் நிற்கவில்லை. அவற்றைத் தூக்கிவிட்டுத் தோட்டத்துச் சொற்களைப் போட்டுக்கொண்டார். தொடங்குவதற்குப் 'பெரட்டு', காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறார்களே, அதுதான். அப்புறம் பாரு, திற, அடை, பொறு. தட்டுவது இங்கிலீஷ் எழுத்தில், சொல் நம்முடையது. கொழுந்தை வாடப்போடும் மேல்மாடியில் எந்த விசிறி எப்போது சுற்றணும், எப்போது நிற்கணும் என்று அந்த மொழியில் எழுதிவைத்தார். விசிறிகள் சொன்னபடி கேட்டன.

'பொறு'வுக்கு மட்டும் அவர் மணிக்கூடு பார்க்கவில்லை. தோட்டத்தில் எல்லாம் சங்குக்குத்தானே நடக்கிறது? காலையில் ஒரு சங்கு ஊதி, கால் மணிநேரத்தில் அடுத்த சங்கு ஊதுவதற்குள் அந்த மெஷின் சும்மா எத்தனை தடவை எண்ணுகிறது என்று பார்த்தார். அத்தனை தடவை எண்ணினால் ஒரு பொறு.

போன மாதம் அந்த மெஷின் புகைந்து செத்தது. விசிறிகளைக் கையால் போட்டு அணைத்து ஒப்பேற்றினார்கள். மெனேஜர் தவணை வைத்தார்: திங்கட்கிழமைக்குள் பிலிப்பின் மொழி புது லேப்டொப்பில் ஓடினால் சரி, இல்லையென்றால் கொழும்பிலிருந்து விசிறி ஓட்டும் ரெடிமேட் பெட்டி.

பதுளை டவுனில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ஷாஹ்மி வந்தான். பழைய மெஷினைப் போல நடிக்கும் ஏதோ ஒன்றை லேப்டொப்பில் போட்டு, பிலிப்பு பிளொப்பியில் எடுத்துவைத்திருந்த மொழியை அதற்குள் ஏற்றினான். பெரட்டு என்றதும் எழும்பியது. பிலிப்பு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அடுத்த நொடி மேல்மாடி விசிறி நின்றது, சுற்றியது, நின்றது, சுற்றியது.

"அங்கிள், இது பழசவிட ஆயிரம் மடங்கு வேகம். ஒங்க பொறுவ கண்ணு மூடித் தெறக்கிறதுக்குள்ள எண்ணி முடிச்சிருது."

"அப்ப கூட எண்ணச் சொல்லுவோம் தம்பி."

ஒரு பொறு இருந்த இடத்தில் ஆயிரம் பொறு போட்டார்கள். காலையில் சரியாக வந்த பொறு, மத்தியானம் லேப்டொப் சூடாகி வேகம் குறைந்ததும் இழுத்தது.

"மணிக்கூட்டப் பார்த்துப் பொறுக்கிற மாதிரி மாத்தணும். உள்ளுக்குள்ள எங்க எழுதியிருக்கீங்க, காட்டுங்க" என்றான் ஷாஹ்மி.

பிலிப்பு திறந்து காட்டினார். திரை நிறைய வெறும் இலக்கம். தோட்டத்துச் சொல் வெளியில்தான்; உள்ளே, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பார்த்து, மெஷினுக்கு விளங்கும் இலக்கமாகவே அன்று ஒவ்வொன்றாகத் தட்டியிருந்தார். பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கிடையாது. மூன்று நாள் அதன் முன்னால் உட்கார்ந்தார். சனிக்கிழமை மரியகொரட்டி சாப்பாடு கொண்டுபோனபோது, முந்தின நாள் கெரியர் திறக்காமலே கிடந்தது.

"ஏங்க, அழுக்குத் துணிக்குக்கூட வண்ணான் குறி போடுவான். முப்பது வருசமா கட்டிக்கிட்டு அழுதீங்களே, எது எங்க இருக்குன்னு ஒரு துண்டுல எழுதி வைக்கலியா?"

"நாந்தான் எழுதினேன் கொரட்டி. என்ன எழுதினேன்னு எனக்கே வெளங்கலடி."

அவள் தண்ணீரை ஊற்றி அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

"புதுசாவே எழுதித் தாறேன். ரெண்டு மாசம் வேணும்" என்று ஷாஹ்மி மெனேஜரிடம் கேட்டுப்பார்த்தான்.

"ரெண்டு மாசம் நீங்க நிப்பீங்க. கொழுந்து நிக்குமா?" என்றார் மெனேஜர்.

திங்கட்கிழமை பெட்டி வந்தது. கையளவு. உள்ளே ஒரு மணிக்கூடு. ஷாஹ்மியே அதைச் சுவரில் உயரத்தில் பூட்ட ஏறினான். விசிறி சுற்றியது. பதினைந்து நிமிடம் கழித்து, ஒழுங்காக நின்றது. மேல்மாடிப் பெண்கள் கைதட்டினார்கள். கெரியரை எடுக்க வந்த மரியகொரட்டிக்கு அவர்களை அறைய வேண்டும்போல இருந்தது. அவர்கள் மேல் என்ன பிழை?

"அங்கிள், ஏணி ஆடுது. கொஞ்சம் புடிங்களேன்" என்று பெட்டி மூடியை முறுக்கிக்கொண்டே மேலிருந்து ஷாஹ்மி கேட்டான்.

பிலிப்பு போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.