வாழை இலையைத் தரம் பிரித்தவன்

"சார், வாழ இலைய யாராச்சும் சாப்பிடுவாங்களா?"

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஃபோனில் ஆரோக்கியமேரி அக்கா இப்படிக் கேட்டபோது, கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் வாழை இலை மொத்த வியாபாரி. காய்கறி, பழ விற்பனையைக் கண்காணிக்கும் ஒரு வாரியத்தில் நான் சீனியர் ஆபீசர். முந்தின நாள்தான் என் ஆட்கள் கிராஞ்சியில் அவருடைய லாரியை நிறுத்தி, அதிலிருந்த இலைக் கட்டுகள் அத்தனையையும் தடுத்து வைத்திருந்தார்கள். குற்றம், கட்டுகளில் தர லேபிள் இல்லை. லேபிள் ஒட்ட வேண்டும் என்று விதி எழுதிய அறிவாளி நான்தான்.

அது பிறந்த கதை வெட்கக்கேடு. பொங்கோலில் என் மைத்துனி வீட்டுப் புதுமனை விருந்தில் எனக்கு விழுந்த இலை கிழிந்திருந்தது. சாம்பார் நேராக என் புது பேண்ட்டில் இறங்கியது. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதும் ரெகுலேஷனை எடுத்துப் பார்த்தேன். தரம் பிரிக்க வேண்டிய பொருள்களின் ஷெட்யூலில் எங்கள் பிரிவே புதுப் பெயர்களைச் சேர்க்கலாம் என்று ஒரு வரி இருந்தது. போதாதா? தக்காளிக்கும் கத்தரிக்காய்க்கும் கீழே வாழை இலையைச் சேர்த்து, கட்டுதோறும் தர லேபிள் வேண்டும் என்று ஒரு சர்க்குலர் விட்டேன். நுனி கிழியாதது ஏ, ஓரம் கிழிந்தது பி. சட்டப் பிரிவைக் கேட்கவில்லை. ஒரு இலைக்குப் போய் வக்கீலா என்ற நினைப்பு. அன்றிரவு மனைவியிடம் சர்க்குலரை வாசித்துக்கூடக் காட்டினேன். "இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க?" என்றாள். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அக்கா ஃபோனை வைக்கவில்லை. "நாளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டிய இலை சார். உங்க ஆபீஸ்ல கெடந்து காயுது. எந்தச் செக்ஷன்ல புடிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

செக்ஷன் தெரியாமல் நான் ஃபைலைப் புரட்டும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

சட்டப் பிரிவிலிருந்த நளினியிடம் ஓடினேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆக்ட்டைத் திறந்து முதல் பக்கத்திலேயே விரலை வைத்தார்.

"டெஃபனிஷன் படிச்சீங்களா அண்ணா? விளைபொருள்னா மனுஷங்க சாப்பிடுற காய், பழம். இலை அதுல வராது லா."

"ஆனா ஷெட்யூல்ல பேர் சேர்க்க நமக்குப் பவர் இருக்கே?"

"இருக்கு. ஆக்ட் சொன்ன பொருளுக்குள்ளதான் சேர்க்க முடியும். பார்லிமென்ட் குடுத்ததுக்கு மேல ரெகுலேஷன் போக முடியாது. ரெகுலேஷனே போக முடியாத எடத்துக்கு உங்க சர்க்குலர் எப்படிப் போகும்? இது செல்லாது."

"அப்ப பிடிச்சு வச்சது?"

அவர் ஒரு விடுவிப்புப் படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். அந்தப் படிவமே தீர்ப்பு.

சர்க்குலரை ரத்து செய்து இலையை விடுவிக்கக் கையெழுத்துகள் வாங்கி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் இலைகள் ஓரம் சுருண்டு பழுப்பேறிவிட்டன. நானே போட்ட தரத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. மறுநாள் கல்யாணத்தில் காகிதத் தட்டில் சாப்பாடு போட்டார்கள்.

திங்கட்கிழமை மன்னிப்புக் கடிதத்தோடு அக்காவின் கடைக்குப் போனேன். தபாலில் அனுப்பலாம் என்று ஆபீசில் சொன்னார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. அக்கா நின்றபடியே கடிதத்தை முழுவதும் படித்தார்.

"பொண்ணு வீட்டுக்காரங்க என்னத்தான் ஏமாத்துக்காரின்னு சொன்னாங்க சார். பத்து வருஷமா எங்கிட்ட வாங்குறவங்க. இந்த லெட்டர்ல 'நிர்வாகத் தவறு'ன்னு போட்டிருக்கு. யாரு தப்புன்னு அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

பேனாவை எடுத்து அந்த இரண்டு வார்த்தைகளை அடித்தேன். மேலே, 'என் தவறு. இந்த விதியை எழுத எனக்கு அதிகாரம் இல்லை' என்று எழுதிப் பெயரையும் போட்டேன். ஆபீஸ் கடிதத்தில் இப்படி எழுதவும் எனக்கு அதிகாரம் இல்லைதான். அது தெரிந்தே மீறியது. அதற்குக் கிடைத்த எச்சரிக்கை மெமோ இன்னும் என் ஃபைலில் இருக்கிறது.

அக்கா கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பெண் வீட்டார் மறுபடி அவரிடம் வாங்கினார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விதி எழுத உட்காரும்போது, அதிகாரம் கொடுக்கும் செக்ஷனை முதலில் படியுங்கள். அதில் நீங்கள் தேடும் வார்த்தை இல்லையென்றால், பேனாவை மூடிவிட்டுப் பேண்ட்டைத் துவைக்கப் போடுங்கள்.