இரண்டு மணிக்குக் கதவு பூட்டப்படும்

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிச் சங்கத் தேர்தலில் முன்பெல்லாம் வாக்களிப்புக்கு நேரம் கிடையாது. வாக்குப்பெட்டி மேசைக்குப் பொறுப்பானவர் வந்தால் தொடங்கும், அவருக்குப் பசித்தால் முடியும். ஓய்வுபெற்ற பின் வேறு வேலையில்லாத நான்தான் போன தேர்தலுக்குப் பிறகு விதி எழுதினேன்: ஒவ்வோர் ஆண்டும் பத்து முதல் இரண்டு மணி வரை வாக்களிப்பு, மேசையில் இருப்பவருக்குச் சம்பளம்.

இந்த ஆண்டு தலைவர் பதவிக்கு நானே நின்றேன்; எதிரே என்னைவிட இளையவர் ஒருவர். முதல் ஆளாகப் போய் எனக்கே வாக்குப் போட்டால் பதவி ஆசை என்பார்கள். கடைசியில் போகலாமென்று வீட்டில் அவசரமில்லாமல் ஆறுதலாகச் சாப்பிட்டேன். எங்கள் ஆட்களுக்கு இரண்டு மணி என்றால் இரண்டரைதானே. ஏழு நிமிடம் பிந்திப் போனேன். கதவு பூட்டியிருந்தது.

"பிள்ளை, ஒரு வாக்குத்தானே, திறவுங்கோ."

மேசைக்குப் பொறுப்பான பெண் கண்ணாடிக்கு அப்பால் சிரித்தாள். "போன வருசமெண்டால் திறந்திருப்பன் அங்கிள். இப்ப சம்பளமெல்லோ வாங்கிறன். உங்கட விதிதானே!"

ஒரே ஒரு வாக்கால் தோற்றேன். வாக்குகள் சமமானால் வயதில் மூத்தவரே வெல்வார் என்ற விதியையும், முன்யோசனையோடு, நான்தான் எழுதி வைத்திருந்தேன்.